போர்மேன் கைது சரி... அவருக்கு வக்கீல் யார்?

சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், அன்று சாயங்காலத்துக்குள் என்னென்ன செய்தி வரும் என்பதை மனப்பாடமாகவே சொல்லிவிடலாம். இறந்தவர்கள் எண்ணிக்கை. தலைவர்கள் இரங்கல். நிவாரணத் தொகை அறிவிப்பு. கடைசியாக ஒற்றை வரி: 'ஆலை உரிமையாளர், மேலாளர், போர்மேன் மீது வழக்கு, போர்மேன் கைது, உரிமையாளரைத் தேடி வருகின்றனர்.'

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 40 பேர் வரை பலியானார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். அதன்பிறகு 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 பிப்ரவரியில் 10 பேரைப் பறிகொடுத்த ராமுதேவன்பட்டி, அதே மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும். போலீஸ் ஜீப்பில் முதலில் ஏற்றப்படுபவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

அந்த ஒற்றை வரிக்குப் பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்று யாரும் தேடிப் படிப்பதில்லை. பத்துப் பேர் கருகிச் செத்த இடத்தில் போர்மேனின் ஜாமீனைப் பற்றிப் பேசுவது பலருக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அந்த ஜாமீனை எடுத்துக்கொடுப்பது யார் என்பதில்தான், விபத்துக்கு உண்மையில் யார் காரணம் என்ற கேள்வியே சிக்கிக்கொண்டிருக்கிறது.

போர்மேன் என்பவர் முதலாளி இல்லை. மாதச் சம்பளக்காரர். மருந்துக் கலவை சரியாக நடக்கிறதா, ஒரு அறையில் 4 பேருக்கு மேல் உட்காரவில்லையா, வெயில் ஏறியதும் வேலையை நிறுத்தினார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. காகிதத்தில் அப்படித்தான். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அறைக்கு எத்தனை பேர், மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா, எந்த ஃபேன்சி ரகத்தை எத்தனை பெட்டி முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஆலையை நடத்துபவர். அந்த 'நடத்துபவர்' யார் என்பதே பல நேரங்களில் குழப்பம். அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்த முக்கியமான விஷயமே இந்த உள்குத்தகைதான். லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் வேறு பலர் கையில். சொன்னது யார், செய்தது யார் என்பது தெரிந்த ஆள் என்று ஆலையில் ஒருவர் உண்டென்றால், அது போர்மேன்தான்.

சரி, விஸ்வநத்தத்தில் அப்படி ஒரு போர்மேனின் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். சிவகாசியை ஒட்டிய ஊர். தெருவில் பாதிப் பேருக்குப் பட்டாசு, மீதிப் பேருக்குத் தீப்பெட்டியோ அச்சகமோ. மத்தியானம் சத்தம் கேட்டிருக்கிறது. சாயங்காலம் 'அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க' என்று போன் வருகிறது. மனைவி என்ன செய்வார்? சொந்தக்காரர்களுக்கு அடிப்பார். அவர்கள் ஆலை கணக்குப்பிள்ளைக்கு அடிப்பார்கள். அங்கிருந்து வரும் பதில்: "ஒண்ணும் பயப்படாதீங்க அக்கா, வக்கீலெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்கிடுவாங்க."

எல்லோருக்கும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. கோளாறு ஆரம்பிக்கும் இடமும் அதுதான்.

ஒரே வக்கீல், இரண்டு கட்சி

ஆலை ஏற்பாடு செய்யும் வக்கீல் கெட்டவர் என்று பொருளில்லை. திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் இந்த வழக்கில் உரிமையாளரின் நலனும் போர்மேனின் நலனும் ஒன்றல்ல. 'நான் எல்லா விதியையும் போர்மேனிடம் சொல்லிவிட்டேன், அவர்தான் கவனிக்கவில்லை' என்பது உரிமையாளருக்கு இருக்கும் நல்ல வாதம். 'கூடுதல் ஆள் வைத்தது நானில்லை, வைக்கச் சொன்னார்கள்' என்பது போர்மேனுக்கு இருக்கும் நல்ல வாதம். இரண்டையும் ஒரே வாய் எப்படிச் சொல்லும்?

வக்கீலுக்கு எதிர்த்தரப்போடோ வழக்கின் விஷயத்திலோ தொடர்பு இருந்தால், கட்சிக்காரரிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்கின்றன இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள். ஃபீஸ் கொடுப்பது யார் என்பதும் அந்தக் கணக்கில் சேரவேண்டியதே. அதனால் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு ஃபீஸ்' என்பது அல்ல. 'சார், நீங்க ஆலைக்கும் ஆஜர் ஆகிறீங்களா?' ஆமாம் என்றால் போர்மேனுக்குத் தனி வக்கீல் தேவை. இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தனி வக்கீலுக்குப் பணத்துக்கு எங்கே போவது? இதற்கு 1987-லேயே சட்டம் பதில் சொல்லிவிட்டது. சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தின் 12-வது பிரிவு, யாருக்கெல்லாம் அரசு செலவில் வக்கீல் வைத்துத்தர வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அதில் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தனியாக உண்டு. காவலில் இருப்பவர்கள் தனியாக உண்டு. கைதான போர்மேன் காவலில் இருக்கிறார் என்ற ஒரு காரணமே போதும். வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதில்லை. 15100 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். தாலுகா அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழு உண்டு.

'இலவச வக்கீல்னா ஒழுங்கா பார்ப்பாரா?' என்ற சந்தேகம் நியாயமானது. எல்லோரும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. ஆனாலும் ரிமாண்ட் நாளில் யாருமே இல்லாமல் நிற்பதைவிடவும், முதலாளியின் வக்கீல் பின்னால் நிற்பதைவிடவும் அது மேல். பிறகு பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

சொந்தமாக வைக்க நினைப்பவர்களின் கை தானாகப் போவது கூகுளுக்கு. 'கிரிமினல் லாயர் நியர் மீ' என்று தட்டினால் நட்சத்திர ரேட்டிங்கோடு பெயர்கள் கொட்டும். பிரியாணிக்கடைக்குச் சரிப்படும் இந்த வழி, வக்கீலுக்குச் சரிப்படாது. இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆன்லைன் தளங்கள் வழியாக நடக்கும் இந்த விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவே போட்டது. ஆக, தேடலில் மேலே வருபவர் நல்ல வக்கீல் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை.

போன் வேறு விதத்தில் உதவும். 'இ-கோர்ட்ஸ்' செயலியில் வக்கீலின் பெயரைப் போட்டுத் தேடினால், அவர் எந்தக் கோர்ட்டில் என்ன மாதிரி வழக்குகளில் ஆஜராகிறார் என்று தெரியும். சிவில், வாடகைத் தகராறு மட்டுமே பார்ப்பவரா, செஷன்ஸில் ஜாமீன் மனு போட்டுப் பழகியவரா என்பது அதிலேயே ஓரளவு புரிந்துவிடும். எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது. பயங்கரவாதம், பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஸ்டேஷன் பெயரும் எஃப்ஐஆர் எண்ணும் கொடுத்துப் பார்க்கலாம். அந்தப் பிரதியோடு போனால்தான் எந்த வக்கீலும் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

பிரிவு எண்ணில் இருக்கிறது விஷயம்

எஃப்ஐஆரில் பார்க்க வேண்டியது பிரிவுகளை. 2024 ஜூலை 1-லிருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. வெடிபொருளை அலட்சியமாகக் கையாண்டது 288-வது பிரிவு. அதிகபட்சம் 6 மாதம். அலட்சியத்தால் மரணம் விளைவித்தது 106(1). 5 ஆண்டு வரை. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். அதாவது, ஜாமீன் என்பது அங்கே கருணை இல்லை, உரிமை. ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் தாண்டினால், அவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 478-வது பிரிவு.

ஆனால் உயிர்ப்பலி அதிகமான விபத்துகளில் பெரும்பாலும் கூடவே வேறொன்றும் சேரும். கொலையாகாத மரணம் விளைவித்தல், 105-வது பிரிவு. பழைய சட்டத்தில் 304. இது ஜாமீனில் விடமுடியாத குற்றம். 'விடமுடியாத' என்ற சொல் பலரைப் பயமுறுத்துகிறது. ஜாமீனே கிடையாது என்று அர்த்தமில்லை; கொடுப்பதா வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்வார், அவ்வளவே. இதற்குப் பொதுவாக ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உரிமையாளர் வெளியில் இருந்தபடியே முன்ஜாமீன் கேட்பதும் இதே கோர்ட்டுகளில்தான். ஒரே எஃப்ஐஆர். ஒருவர் பிடிபடுவதற்கு முன்பே வக்கீல் வைத்துவிட்டார், இன்னொருவர் பிடிபட்ட பிறகும் வைக்கவில்லை.

அலட்சியமா, ஆபத்து தெரிந்தே செய்ததா என்பதுதான் 106-க்கும் 105-க்கும் நடுவில் இருக்கும் கோடு. ஒரு சம்பளக்காரர் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை முதல் நாளிலேயே கோர்ட்டில் பேச ஆள் வேண்டும். பேசாவிட்டால் எஃப்ஐஆரில் இருப்பதே எடுபடும்.

விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் இன்னொரு வகைக் கைதும் உண்டு. அனுமதியில்லாமல் வீட்டிலோ ஷெட்டிலோ பட்டாசு செய்ததாக. வெடிபொருள் சட்டம் 1884-ன் 9பி பிரிவின்படி, அனுமதியின்றித் தயாரித்தால் 3 ஆண்டு வரை தண்டனை. வைத்திருந்தால், விற்றால் 2 ஆண்டு வரை. 7 ஆண்டு வரையான தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம்போல் கைது செய்யக் கூடாது, தேவையில்லாதபோது நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. கூலிக்குத் திரி செருகும் பெண்களும் இப்படி மாட்டுவதுண்டு. சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்களைக் கைது செய்வதற்கு மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும், பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். ஜாமீனில் விடமுடியாத குற்றமாக இருந்தாலும் பெண்ணுக்கும் நோயாளிக்கும் ஜாமீன் தர மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டம் தனியாகவே இடம் கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் மருந்து வைப்பது தெருவையே காவு வாங்கும் வேலை. அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் மருந்தைக் கொண்டுவந்து இறக்கியவர், முடிந்த சரக்கை எடுத்துப்போனவர் பெயர்கள் எஃப்ஐஆரில் இல்லாமல், கூலி வாங்கியவர் பெயர் மட்டும் இருந்தால், அதை யாராவது ஒரு வக்கீல் கேட்கத்தான் வேண்டும்.

முதல் 24 மணி நேரம்

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. கைது பற்றி வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. விசாரணை முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார முடியாது, அவ்வளவுதான். ஏன் கைது என்பதை அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தக் காகிதத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது வீட்டார் செய்யக்கூடிய மிகச் சின்ன, மிகப் பயனுள்ள வேலை.

இந்த முதல் ஆஜரில் வக்கீல் இருக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கையும் இல்லை. 1980-லேயே, காத்ரி வழக்கில், மாஜிஸ்திரேட் முன் முதன்முறை நிறுத்தும்போதே இலவசச் சட்ட உதவி உரிமை தொடங்கிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012 ஆகஸ்ட் 29-ல் அஜ்மல் கசாப் வழக்கின் தீர்ப்பு இன்னும் கறாராகச் சொன்னது: வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கைதானவருக்கு எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை, தவறினால் துறைரீதியான நடவடிக்கை. மும்பைத் தாக்குதலில் கையும் துப்பாக்கியுமாகப் பிடிபட்டவனின் வழக்கில் எழுதப்பட்ட விதி இது. சரியாக ஒரு வாரம் கழித்து முதலிப்பட்டி வெடித்தது. கசாபுக்குப் பொருந்தும் விதி ஒரு பட்டாசு ஆலை போர்மேனுக்குப் பொருந்தாமல் போக முடியாது.

ஆனாலும், பெரிய விபத்து நடந்த அன்று ஆட்சியர் வருகிறார், அமைச்சர் வருகிறார், தீயணைப்பும் வருவாய்த் துறையும் வருகின்றன. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவரும் அன்றே ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டும். கேட்டு வரட்டும் என்று காத்திருக்கும் அலுவலகத்தைக் கேட்கத் தெரியாதவர்கள் தேடிப் போக மாட்டார்கள். வெடி விபத்து எப்போதாவது நடக்கும் அதிசயமாக இருக்கும் மாவட்டமில்லை இது. எந்த மாதம் ஆபத்து கூடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பணி முறை போட்டு வக்கீல்களைத் தயாராக வைப்பது பெரிய காரியமல்ல.

உத்தரவு வந்தும் கதவு திறக்காது

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று ஸ்வீட் வாங்குவதற்கு முன் உத்தரவின் கீழ்ப்பகுதியைப் படிக்க வேண்டும். 'இரு நபர் ஜாமீன்' என்றிருக்கும். சொத்தோ நிலையான வருமானமோ உள்ள இரண்டு பேர் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு கோர்ட்டுக்கு வந்து, இவர் ஓடிவிட மாட்டார் என்று கையெழுத்துப் போட வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது மலை. 'ரெண்டு ஆள் நான் தர்றேன், தலைக்கு இவ்வளவு' என்று கோர்ட் வாசலில் யாராவது சொன்னால் ஒதுங்குவதே நல்லது. போலி ஜாமீன்தாரர் மாட்டினால் இன்னொரு வழக்கு.

1978-ல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, அதனால் ஏற்க முடியாது என்றும் சொன்னார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஏழைக்கு ஏற்றபடிதான் நிபந்தனை இருக்க வேண்டும் என்றார். 45 வருஷம் கழித்து, 2023 ஜனவரி 31-ல், உச்ச நீதிமன்றம் அதையே நடைமுறையாக எழுத வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் முடியவில்லையென்றால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், விசாரணைக் கைதியின் ஜாமீனுக்குப் பணம் கொடுக்க வழி இருக்கிறது. இவ்வளவு இருந்தும், 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம்.

வெளியே வந்தபின், தினமும் காலை ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ கையெழுத்து. காலை ஷிஃப்ட் போய்விடும், வேலையும் போய்விடும். சில வாரம் ஒழுங்காகப் போட்டபிறகு தளர்த்தக் கேட்டு மனு போடலாம். அதைக் கேட்கத் தோன்றும் வக்கீல்தான் நல்ல வக்கீல். இன்னொன்று: 60 நாளிலோ, ஆயுள் அல்லது 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய வழக்கென்றால் 90 நாளிலோ போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். தானாக வராது. கேட்டு மனு போட வேண்டும், குற்றப்பத்திரிகை வந்து விழுவதற்குள்.

இறந்தவர்களின் வீட்டார் கேட்பார்கள்

'எங்க வீட்டுப் பிள்ள செத்துக் கெடக்கு, அவருக்கு வக்கீலாம், ஜாமீனாம்' என்று இறந்தவரின் வீட்டில் கேட்டால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஜாமீன் என்பது விடுதலை இல்லை, வழக்கு நடக்கும் என்று சட்டம் பேசுவது அந்த நேரத்தில் எடுபடவும் செய்யாது.

ஆனால் அவர்களுக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. அன்று அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எந்த மருந்து வந்தது, யார் அவசரப்படுத்தினார்கள், குத்தகைக்காரர் யார் என்பதெல்லாம் போர்மேனுக்குத் தெரியும். முதலாளி கொடுத்த வக்கீல், முதலாளி கொடுத்த ஜாமீன்தாரர், வெளியே வந்தபின் முதலாளியின் இன்னொரு ஆலையில் வேலை என்று ஆகிவிட்டால், அவர் வாயிலிருந்து அதில் ஒன்றும் வராது. பழியும் அவரோடு நின்றுவிடும். தனி வக்கீல் வைத்திருக்கும் போர்மேனால் உண்மையைச் சொல்ல முடியும். சொல்வாரா என்பது வேறு.

12-வது பிரிவின் அதே பட்டியலில், தொழிற்பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இழப்பீட்டுக்கும், அரசுத் தரப்புக்குத் துணையாக நின்று ஜாமீனை எதிர்ப்பதற்கும் இறந்தவர் குடும்பமும் அதே 15100-க்கு அழைத்துத் தனியாக ஒரு வக்கீல் கேட்கலாம். போர்மேனுக்குக் கொடுத்த வக்கீலையே அவர்களுக்கும் கொடுக்கக் கூடாது.